ஐடி இல்லாம நோட்டரி கையெழுத்து: அப்பத்தாவை யார் அடையாளம் காட்டுறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கொஞ்சம் ஆபீஸ் வேலை மாதிரியான ஒரு விஷயம். ஆனா போன மூணு மாசமா எங்க வீட்டையே ஆட்டி வச்ச விஷயம். கையில செல்லுபடியாகற ஐடி எதுவும் இல்லாத ஒருத்தர், ஒரு அஃபிடவிட்ல நோட்டரி கையெழுத்து வாங்க முடியுமா?

கேட்டவுடனே "முடியாது"ன்னுதான் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

முதல்ல கதை. எங்க ஐயா, அதாவது அப்பாவோட அப்பா, சிவகங்கைப் பக்கம் எங்க பக்கத்துல அப்படித்தான் கூப்பிடுவோம், போன வருஷம் தவறிட்டார். அவர் பேர்ல ஒரு சேமிப்புக் கணக்கு. நாமினி அப்பத்தா. பெரிய தொகை இல்ல. ஆனா அது அப்பத்தாவோட சொந்தப் பணம். "என் பணம், நான் வாங்கணும்"ங்கறதுல அவங்க ரொம்பத் தெளிவு.

சிக்கல் என்னன்னா, பாஸ்புக்ல நாமினி பேர் முத்துலட்சுமி. ரேஷன் கார்டுல முத்தாயி. ரெண்டும் ஒரே ஆள்தான். வீட்டுல வச்ச பேர் முத்தாயி. கல்யாணமாகி வந்தப்போ மாமியார் பேரும் அதேங்கறதால முத்துலட்சுமின்னு மாத்திக் கூப்பிட்டிருக்காங்க. அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் யாரு கெஜட்ல போட்டாங்க? பணம் கொடுக்கற இடத்துல, "ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு அஃபிடவிட் கொண்டாங்க, நோட்டரி போட்டு"ன்னு சொல்லிட்டாங்க. நியாயம்தான்.

அஃபிடவிட் போட ஐடி வேணும்ல? வரிசையாப் பாருங்க. ஓட்டர் ஐடி வீடு மாறும்போது தொலைஞ்சது. ரேஷன் ஸ்மார்ட் கார்டுல இருக்கற படம் குடும்பத் தலைவரோடது, அதாவது ஐயாவோடது. ஆதார் எடுத்திருக்காங்க, ஆனா அந்தக் காகிதம் மடிச்சு மடிச்சு நம்பரே அழிஞ்சு போச்சு. ஆன்லைன்ல எடுக்கலாம்னா ஓடிபி ஐயாவோட பழைய நம்பருக்குப் போகுது. அந்த சிம் செத்து மாசக்கணக்காச்சு. சரி, ஆதார் மையத்துல விரல் வச்சுப் பார்க்கலாம்னா, அறுபது வருஷம் நாத்து நட்ட விரல். மிஷின் ஒத்துக்கவே இல்ல. அப்பத்தா கேட்டாங்க, "வேலை செஞ்ச கைன்னு அதுக்குத் தெரியலையாடா?"

எண்பத்தி ரெண்டு வயசு, முன்னால உட்கார்ந்து வெத்தலை மெல்லுறாங்க. ஆனா அவங்கதான் அவங்கன்னு காட்ட ஒரு காகிதம் இல்ல.

பாரிமுனைப் பக்கம், ஹைகோர்ட்டுக்கு எதிர்த்தாப்புல இருக்கற தெருக்களுக்குப் போனவங்களுக்குத் தெரியும். தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, ஆர்மேனியன் தெரு. டைப்பிங் கடை, ஜெராக்ஸ் கடை, மாடிக்கு மாடி வக்கீல் ஆபீஸ், "நோட்டரி பப்ளிக்" போர்டு. தமிழ்ல சான்றுறுதி அலுவலர்னு ஒரு அழகான பேர் இருக்கு, போர்டுல சின்ன எழுத்துல இருக்கும், யாரும் சொல்றதில்ல. அங்க ஒரு டைப்பிங் கடையில விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தல. "பெரியம்மா வரவேணாம் சார். அடிச்சுத் தர்றேன், வீட்டுல கைரேகை வச்சு எடுத்துட்டு வாங்க. சீல் நான் வாங்கித் தர்றேன். ஐடி எல்லாம் கேக்க மாட்டாங்க."

எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அரை நாள்ல வேலை முடியுது. அப்பத்தாவை மேடவாக்கத்துலேர்ந்து பாரிமுனைக்கு வெயில்ல இழுத்துட்டு வர வேணாம். நான் கிட்டத்தட்ட சரின்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்பத்தாவைப் பார்க்காமலே அவங்க கைரேகைன்னு சீல் போடுவாங்கன்னா, நாளைக்கு வேற எவனாவது ஒரு கைரேகை வச்சு, இது முத்தாயிதுன்னு கொண்டுபோனா?" ஊர்ல அப்பத்தா பேர்ல அரை ஏக்கர் புஞ்சை இருக்கு. எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த நோட்டரிங்கற ஆள் உண்மையில என்ன செய்யறார்னு உட்கார்ந்து படிச்சேன். தெரிஞ்ச வக்கீல்கள்கிட்டயும் கேட்டேன்.

இந்தியாவுல நோட்டரிகளுக்கான சட்டம் 1952ல வந்தது. விதிகள் 1956ல. நோட்டரி ஆகணும்னா பொதுவா வக்கீலா பத்து வருஷ அனுபவம் வேணும். பெண்களுக்கும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கும் ஏழு வருஷம். அந்த உருண்டை சீல் இருக்கே, அதுக்கும் அளவு சொல்லியிருக்காங்க: அஞ்சு சென்டிமீட்டர் விட்டம், அதுல அவர் பேர், எந்த ஏரியாவுக்கு நியமனம், எந்த அரசு நியமிச்சது எல்லாம் இருக்கணும். சீலோட விட்டம் வரைக்கும் எழுதின இந்த சட்டத்துல, "இன்னின்ன ஐடி கார்டு காட்டணும்"னு ஒரு பட்டியல் கிடையாது. 1952ல ஆதார் ஏது, பான் ஏது, நம்ம ஓட்டர் ஐடிகூட தொண்ணூறுகள்ல வந்ததுதான். அப்போ ஆளை எப்படி அடையாளம் பார்த்திருப்பாங்க? தெரிஞ்சவங்களை வச்சுத்தான்.

நோட்டரி வச்சிருக்க வேண்டிய ஒரு ரிஜிஸ்டரும் இருக்கு. ஒவ்வொரு வேலையையும் வரிசை எண் போட்டு எழுதணும்: தேதி, யாருக்காக, முகவரி, என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம். அதுல சம்பந்தப்பட்டவர் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. அந்தக் கட்டத்துக்காகத்தான் ஆள் நேர்ல போகணும். சீலை யார் வேணா செஞ்சுடலாம். நாளைக்கு ஒரு கேஸ்ல "இந்த அம்மா உங்க முன்னாலதான் கைரேகை வச்சாங்களா?"ன்னு கேட்டா, நோட்டரி எடுத்துக் காட்ட வேண்டியது அந்த ரிஜிஸ்டரை. டைப்பிங் கடை வழியா வாங்கற சீலுக்குப் பின்னால அந்தக் கட்டத்துல என்ன இருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

இதைப் பத்தி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு பழைய வழக்கு இருக்கு. ஜுக்ராஜ் சிங் வழக்கு, 1971 ஏஐஆர் தொகுப்புல வருது. கலிஃபோர்னியாவுல ஒரு நோட்டரி முன்னால எழுதின பவர் பத்திரம். நோட்டரி முன்னால கையெழுத்தாகி, அவர் உறுதிப்படுத்தின பவர் பத்திரத்தை நம்ம கோர்ட் உண்மைன்னே எடுத்துக்கும். அப்போ அது சாட்சியச் சட்டத்துல 85வது பிரிவு. 2024 ஜூலையிலேர்ந்து புதுச் சட்டம் வந்தப்பறமும் அந்த விதி அப்படியே இருக்கு. ஆனா இந்த வழக்குல முதல் பத்திரத்துல, கையெழுத்துப் போட்டவர் யாருன்னு தான் பார்த்துத் திருப்தியானதா நோட்டரி காட்டல. ரெண்டாவதா ஒரு பத்திரம் எழுதினாங்க, அதுல அது தெளிவா இருந்துச்சு. கோர்ட் சொன்னதோட சாரம்: உறுதிப்படுத்தறதுன்னா கையெழுத்து விழுந்ததைப் பார்த்தேன்னு சொல்றது மட்டும் இல்ல, அந்த ஆள் யாருன்னு நானே திருப்தியானேன்னு சொல்றதும் சேர்த்துத்தான்.

ஆக நோட்டரிக்குத் தேவை திருப்தி. கார்டு அந்தத் திருப்திக்கு ஒரு வழி. அது சுலபமான வழி, அவ்வளவுதான்.

கார்டு இல்லாதப்போ அந்தத் திருப்தி எங்கேர்ந்து வரும்? நம்ம அஃபிடவிட்கள்ல கீழ ஒரு வரி பார்த்திருப்பீங்க, "என்னால் அடையாளம் காட்டப்பட்டவர்"னு. அது பக்கத்துல ஒரு வக்கீல் கையெழுத்து. நாம அதை ஒரு சடங்கா நினைச்சுக் கடந்து போயிடறோம். அந்த வரிக்கு அர்த்தம்: இந்த ஆளை எனக்குத் தெரியும், பொய்னா என்னைப் பிடி.

பத்திரப்பதிவுலயும் இதே கதைதான். 1908ம் வருஷப் பதிவுச் சட்டத்துல, வந்திருக்கற ஆளைப் பதிவு அதிகாரிக்குத் தனக்கே தெரிஞ்சிருக்கணும், இல்லாட்டி வேற வழியில அவர் திருப்தியாகணும். நம்ம ஊர்ல சாட்சி சொல்ல ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறோமே, அது அதுக்குத்தான். ஆள் மாறாட்டம் பண்ணினா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். நம்மாளுங்க சாட்சிக்கு டீக்கடையில நிக்கறவரைக் கூட்டிட்டுப் போறது தனிக் கதை.

இலங்கைத் தமிழர்கள் நோட்டரியை நொத்தாரிசுன்னு சொல்வாங்க. அங்க இருக்கற நொத்தாரிசு கட்டளைச் சட்டம் இதை ரொம்பத் தெளிவா எழுதி வச்சிருக்கு: உறுதி எழுதிக் கொடுக்கற ஆள் நொத்தாரிசுக்குத் தெரிஞ்சவரா இருக்கணும், இல்லன்னா சாட்சிகள்ல குறைஞ்சது ரெண்டு பேருக்குத் தெரிஞ்சவரா இருக்கணும். அந்தச் சாட்சிகள் நல்ல பேர் உள்ளவங்களான்னும் அவர் பார்க்கணும். அமெரிக்காவுல, அதே கலிஃபோர்னியாவுல, இன்னைக்கும் ஐடி இல்லாதவருக்காக ரெண்டு சாட்சிகள் வந்து சத்தியம் பண்ணலாம். அவங்க தங்களோட ஐடியைக் காட்டணும். இவரை எனக்குத் தனிப்பட்ட முறையில தெரியும், இவர்கிட்ட ஐடி இல்ல, வாங்கறதும் கஷ்டம், இந்த ஆவணத்தால எனக்குப் பண லாபம் எதுவும் இல்லன்னு சொல்லணும். அந்தக் கடைசி நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏன்னு சொல்றேன்.

எனக்கு ஆச்சரியமா இருந்த இன்னொண்ணு, ஆதார்லயே இது இருக்கு. எந்த ஆவணமும் இல்லாதவங்க ஆதார் எடுக்க, "அறிமுகம் செய்பவர்"னு ஒருத்தர் வழியாப் பதிவு பண்ற முறையை 2016 விதிகள்லயே வச்சிருக்காங்க. குடும்பத் தலைவர் மூலமாவும் பண்ணலாம். நாம எல்லாத்துக்கும் கேக்கற அந்த கார்டே, சில பேருக்கு, இன்னொரு மனுஷன் "இவரைத் தெரியும்"னு சொன்னதுலதான் ஆரம்பிக்குது.

சரி, எங்க கதைக்கு வர்றேன். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் மூலமா ஒரு நோட்டரியைப் போய்ப் பார்த்தேன். அவர் மேல எனக்கு முதல் நாள் கோபம்தான் வந்துச்சு. "ஆளைக் கூட்டிட்டு வாங்க"ன்னார். "வயசானவங்க சார்"ன்னேன். "அப்படின்னா இன்னும் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க"ன்னார். கூட ரெண்டு பேர் வேணும், அப்பத்தாவை நல்லாத் தெரிஞ்சவங்க, அவங்க ஐடி ஒரிஜினலோட. நான் வர்றேன், அப்பா வர்றார்னு சொன்னேன். "நீங்க வேணாம். இந்தப் பணத்துல இன்னைக்கோ நாளைக்கோ உங்களுக்குப் பங்கு வரும்"னார். முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. கலிஃபோர்னியா விதியைப் பிறகு படிச்சப்போதான் அவர் எங்கேர்ந்து பேசினார்னு புரிஞ்சது. அவர் அதைப் படிச்சிருப்பாரான்னு தெரியாது. முப்பது வருஷத் தொழில்ல தானா வந்த புத்தியா இருக்கலாம்.

யாரைக் கூப்பிடறது? பக்கத்து வீட்டு அக்கா உடனே வர்றேன்னாங்க. பன்னிரண்டு வருஷமா அப்பத்தாவைத் தெரியும். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சது முத்துலட்சுமி பாட்டியை மட்டும்தான். முத்தாயியைத் தெரிஞ்சவங்க சென்னையில யாரு இருக்கா? அப்பத்தாவே சொன்னாங்க: "தாம்பரத்துல நம்ம வாத்தியார் இருக்காரேப்பா." ஊர்ப் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மகள் வீட்டுல இருக்கார். போன் பண்ணினேன். ஒரு நிமிஷம் யோசிச்சார். "என்ன எழுதியிருக்குன்னு முதல்ல எனக்கு அனுப்பு, படிச்சுட்டுத்தான் சொல்வேன்"ன்னார். படிச்சார். ஒரு தப்பும் கண்டுபிடிச்சார், ஊராட்சிப் பேர்ல எழுத்துப்பிழை. அப்புறம்தான் வர்றேன்னார்.

சாட்சி சொல்ல யாராவது உங்களைக் கூப்பிட்டா நீங்களும் இப்படியே பண்ணுங்க. பொய் வாக்குமூலம் கொடுத்தா மூணு வருஷம் வரைக்கும் தண்டனை, கோர்ட் நடவடிக்கையில கொடுத்ததுன்னா ஏழு வருஷம் வரைக்கும். "ஃபிரெண்டுதானே, ஒரு கையெழுத்துதானே"ன்னு போய் நின்னுடாதீங்க.

அந்த நாள். நோட்டரி ஆபீஸ் ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. அப்பத்தா படியைப் பார்த்துட்டு காருக்குள்ளயே உட்கார்ந்துட்டாங்க. நான் மேல போய்ச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரையும் ஸ்டாம்ப் பேடையும் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கீழ இறங்கி வந்தார். எங்களை எல்லாம் அந்தப் பக்கம் போய் நிக்கச் சொன்னார். கார் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, ரோட்டுல நின்னபடியே அப்பத்தாகிட்ட பேசினார்.

பேர் என்னம்மா? அப்பா பேர்? எதுக்கு வந்திருக்கீங்க? யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?

அவருக்கே அறுபது வயசு இருக்கும். அப்பத்தாவுக்குத் தம்பிதான். "தம்பி, எனக்கு ரெண்டு பேரு"ன்னு ஆரம்பிச்சாங்க. மாமியார் கதை, கல்யாணக் கதை, ஐயா சேத்து வச்ச கதை எல்லாம் வந்துச்சு. ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கறான், அவர் நகரல. கடைசியில அப்பத்தா திருப்பிக் கேட்டாங்க: "நீ எந்த ஊருப்பா?" புதுக்கோட்டைப் பக்கம்னார். "அதான்"னாங்க.

அப்புறம் அஃபிடவிட்டைத் தமிழ்ல வரி வரியா வாசிச்சுக் காட்டினார். இங்கிலீஷ்ல அடிச்சிருந்தாலும் சம்பந்தப்பட்டவருக்குப் புரியற மொழியில சொல்லிட்டு, "வாசித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு" கைரேகை வச்சாங்கன்னு எழுதணும். கைநாட்டு வைக்கற உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஏதாவது பத்திரம் எழுதினா, இந்த வரி இருக்கான்னு கட்டாயம் பாருங்க. வாத்தியாரும் அக்காவும் அடையாளம் காட்டினதா கையெழுத்துப் போட்டாங்க. அவங்க ஐடி விவரம், முகவரி, எத்தனை வருஷமாத் தெரியும்ங்கறது எல்லாம் அஃபிடவிட்லயே சேர்த்தாச்சு. ஃபோட்டோ ஒட்டி, அதுமேல பாதி விழற மாதிரி சீல்.

மொத்தம் நாப்பது நிமிஷம்.

இப்போ உங்களுக்கு. உங்கள்ல நிறைய பேருக்கு இந்தப் பிரச்சினை பர்ஸ் தொலைஞ்சாத்தான் வரும். முதல்ல, நோட்டரி உண்மையிலயே வேணுமான்னு கேளுங்க. பல இடங்கள்ல பழக்கத்துல கேக்கறாங்க. பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கற இணைப்புப் படிவங்களை வெள்ளைத்தாள்ல நாமளே உறுதிமொழியா எழுதிக் கொடுத்தாப் போதும்னு 2016 டிசம்பர்லயே வெளியுறவு அமைச்சகம் சொல்லிடுச்சு. இன்னும் அதுக்கு நோட்டரி தேடி அலையறவங்களை எனக்குத் தெரியும். அப்புறம் டிஜிலாக்கர். அதுல வழங்கப்பட்ட ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம்னு விதி இருக்கு. போனும் சேர்ந்து தொலைஞ்சிருந்தா, தமிழ்நாடு போலீஸ் தளத்துல ஆவணம் தொலைஞ்சதுக்கு ஆன்லைன் ரிப்போர்ட் பதியலாம், அதைக் கையில வச்சுக்கிட்டு மத்ததை ஆரம்பிங்க.

"ட்ரூ காப்பி" மட்டும் வேணும்னா, நோட்டரி ஒப்பிட்டுப் பார்க்கறது ஒரிஜினலையும் நகலையும்தான். அங்க ஆள் பிரச்சினை அவ்வளவா வராது. அஃபிடவிட், பவர் இதுக்கெல்லாம் ஆள்தான் முக்கியம். இன்னொண்ணு, தமிழ்நாட்டுல சொத்து விக்கறதுக்கு இந்தியாவுக்குள்ள எழுதற பவர் பத்திரத்தைப் பதிவு பண்ணியே ஆகணும். 2012 டிசம்பர்லேர்ந்து அப்படி. "நோட்டரி பவர் போதும்"னு யாராவது நிலம் விக்க வந்தா எழுந்து வந்துடுங்க.

எந்தக் கடையிலயாவது "ஆள் வரவேணாம்"னு சொன்னா என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. நான் அங்க ஒரு நாள் சரின்னு சொல்லப் போனவன். அதனால பெரிசா அறிவுரை சொல்ல எனக்கு வாய் இல்ல.

பணம் வந்துடுச்சு. பிறகு வேற ஒரு ஆதார் மையத்துல விரலுக்குப் பதிலாக் கண்ணை வச்சு எடுத்தாங்க, கார்டும் கிடைச்சாச்சு. அதுல பேர் முத்துலட்சுமி. அப்பத்தா அதை ஐயா ஃபோட்டோவுக்குப் பின்னால சொருகி வச்சிருக்காங்க. வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரணும்னு ரெண்டு வாரமாச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.